கரண்டியால் சாப்பிட்ட காலம்

யுத்தம் முடிந்து ஆறேழு வருடங்கள் போயிருக்கும். கற்பிட்டிப் பக்கம், எத்தாளையில், என் வீட்டு விறாந்தையில் நடந்தது. நடந்தது என்றால் ஏதோ பெரிய சம்பவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டெலிபோன் கதை, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், ஒரு ஆம்பிளை பத்திரிகைக்கு எழுதக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்றை முதலில் எழுதியாக வேண்டும். எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு முகத்தைச் சுளியுங்கள்.

நான் லொறி ஓட்டியவன். பாலாவியில் உப்பு ஏற்றினால் கொழும்பு, கண்டி, சில சமயம் பதுளை வரைக்கும் போவேன். நம் நாட்டு லொறியில் கியர் இடக்கைப் பக்கம். அந்தக் காலத்து லொறிகளில் கியர் மாற்றுவது என்பது முரட்டு மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்து இழுக்கிற வேலை. இழுத்து இழுத்து என் இடது தோள் தேய்ந்துவிட்டது. லொறியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் அது தன் வேலையைக் காட்டியது. தொழுகைக்குத் தக்பீர் கட்டினால் வலது கை காது வரை போகும். இடது கை நெஞ்சோடு நின்றுவிடும். ராவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. சட்டை போடுவதென்றால் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்போடு எலும்பு உரசுகிறது, தசைநாரும் அறுந்திருக்கிறது, தோள் மூட்டைக் கழற்றிவிட்டு உலோகத்தில் வேறு மூட்டு போடலாம் என்றார். “இடது பக்கம்தானே, சாப்பிடுகிற கை தப்பிவிட்டது, நீங்கள் அதிர்ஷ்டசாலி” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இடது கைக்கென்றும் ஒரு வேலை இருக்கிறது, அதை வேறு கையிடம் கொடுக்க முடியாது என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

சத்திரசிகிச்சைக்கு ஒரு கிழமைக்கு முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்பிள்ளை டெலிபோன் எடுத்தாள். தோள் மூட்டு மாற்றுகிறவர்களிடம், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே கேள்விகளைக் கேட்டு எவ்வளவு முன்னேற்றம் என்று புள்ளி போடுவார்களாம். டொக்டர் பார்த்துச் சொல்வது வேறு, நோயாளி தன் வாயால் சொல்வது வேறு. இது நோயாளி சொல்வது என்று விளக்கினாள். தமிழ் பேசுகிற ஆட்களுக்கு அவள்தான் எடுப்பாளாம். பேச்சு வடக்குப் பக்கத்துப் பேச்சாக இருந்தது.

தலைமுடி வார முடியுமா, சட்டை மாற்ற முடியுமா, அலுமாரியில் உடுப்புக் கொழுவ முடியுமா, பஸ்ஸில் ஏற முடியுமா, கமக்கட்டைக் கழுவித் துடைக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ‘கஷ்டமே இல்லை’ என்பதிலிருந்து ‘முடியவே முடியாது’ வரைக்கும் விடைகள். நடுவில் ஒன்று வந்தது: கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடித்துச் சாப்பிட முடியுமா?

“மகள், தோள் நல்லா இரிந்த காலத்திலயே எனக்கி அது ஏலா. நான் கையால தின்னுற ஆள்” என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். “எனக்கும் ஏலாது ஐயா. வெள்ளைக்காரன் எழுதின கேள்வி. என்ன செய்ய, கேக்கத்தானே வேணும்” என்றாள்.

மூட்டு மாற்றினார்கள். கத்தாரில் மாப்பிள்ளையோடு இருக்கும் என் மகள் லீவு போட்டு வந்து கூட நின்றாள். கையைக் கழுத்தோடு தொங்கப் போட்டிருந்த காலம் முழுக்க அவள்தான் சமைத்தாள், உடுப்புக் கழுவினாள். பயிற்சி சொல்லித் தரும் பிசியோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: கையைப் பின்பக்கம் கொண்டு போகாதீர்கள், மூட்டு கழன்றுவிடும். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். மகள் திரும்பிப் போனாள். மகன் கல்யாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் பக்கத்து வழக்கப்படி பொண்டாட்டி வீட்டோடு மாதம்பையில். என் வீட்டுக்காரி மவுத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. ஆக, புது மூட்டும் நானும்தான் வீட்டில்.

மேலே தூக்குகிற விஷயத்தில் அந்த மூட்டைக் குறை சொல்ல முடியாது. மெல்ல மெல்லக் கை தலைக்கு மேல் போனது. தக்பீருக்கு இரண்டு கைகளும் சமமாகப் போன அன்று பள்ளிவாசலிலேயே கண் கலங்கிவிட்டது. ஆனால் பின்பக்கம் போகவில்லை. இடுப்பெலும்பு வரை போய், வேலியில் முட்டிய மாடு மாதிரி நின்றுவிடும்.

இனி விளங்கியிருக்கும். நாங்கள் கடதாசியால் துடைக்கிற ஆட்கள் இல்லை. கக்கூசுக்குப் போனால் தண்ணீரும் இடது கையும்தான். என் இடது கை அங்கே எட்டவில்லை. முன்பக்கமாக முயன்று பார்த்தேன். லொறிக்காரனின் வயிறு குறுக்கே நின்றது. கடைசியில் வலது கையால்தான் கழுவ வேண்டி வந்தது. பிஸ்மி சொல்லிச் சோற்றில் வைக்கிற அதே கை. முடியாதவனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது தெரியும். தெரிந்தென்ன, என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பேன். திரும்பவும் தேய்ப்பேன். தோல் வெடித்து உப்பளத்தில் வேலை செய்கிறவனின் கை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் கையை மீன் ஆணம் ஊற்றிய சோற்றில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துவிடுவேன். ஒருநாள் அலுமாரியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து கரண்டிதான். கரண்டியால் சோறு தின்றால் எனக்கு வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

வீட்டுக்குள்ளே என்றால் யார் பார்க்கப் போகிறார்கள். பிரச்சினை வெளியில். எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் குவித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆறு கைகளும் ஒரே தாம்பாளத்தில். என் கையை அதில் எப்படி வைப்பது? கரண்டி கேட்டால், மற்ற ஐந்து பேரின் கை அசிங்கம் என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் கல்யாணத்துக்குப் போவதை விட்டேன். கந்தூரிச் சாப்பாட்டுக்குப் போவதை விட்டேன். நோன்பு காலத்தில் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறக்கும்போது நான் வீட்டிலிருந்து திறந்துவிட்டுத் தொழுகைக்கு மட்டும் போவேன். கொழும்புத் தோள் போட்டதிலிருந்து ஆளுக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று கடையில் கதைத்தது என் காதுக்கே வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். பெருமைக்காரன் என்ற பெயர் எனக்கு லேசாக இருந்தது.

தனியாக இருக்கிற மனிசனுக்கு மற்றவர்களோடு கதைக்க வேறு வழி என்ன இருக்கிறது? சாப்பாடுதான் வழி. பள்ளியில் தொழுதுவிட்டு எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். சஹனில் உட்கார்ந்தால்தான் ஊர்க்கதை வரும், பழைய கதை வரும், கிண்டல் வரும். அதை விட்ட பிறகு சில நாட்களில் என் குரலை நானே கேட்பது தொழுகையில் மட்டும்தான். மகளும் மகனும் வெள்ளிக்கிழமைகளில் எடுப்பார்கள். “கை எப்படி வாப்பா?” என்பார்கள். “நல்லம்” என்பேன். பெற்ற பிள்ளைகளிடம் இதை எந்த வாயால் சொல்வது? வீட்டுக்காரி இருந்திருந்தால் சொல்ல வேண்டி வந்திருக்காது. கரண்டியை எடுத்த அன்றே கண்டுபிடித்திருப்பாள்.

இடையில் அந்தப் பெண்பிள்ளை ஒருதரம் எடுத்தாள். தலை வாரலாமா, சட்டை போடலாமா, எல்லாவற்றுக்கும் ‘கஷ்டமே இல்லை’ என்றேன். பொய்யில்லை, அவள் கேட்ட எதிலும் கஷ்டம் இல்லைதான். “ஐயா, உங்கட தோள் சூப்பர்” என்று சந்தோசப்பட்டாள்.

பிறகுதான் என் கிளீனர் வந்தான். கிளீனர் என்றால் அந்தக் காலத்துக் கிளீனர். இப்போது பாலாவியில் அவனுக்கே இரண்டு லொறி. சின்னப் பையனாக வந்து என்னோடு ஓடியவன். எத்தனையோ வருடம் ஒரே பாயில் படுத்து, ஒரே பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் தின்றிருக்கிறோம். மூத்த மகளின் கல்யாணத்துக்குச் சொல்ல வந்திருந்தான்.

“நானா, மொத சஹன்ல ஒங்களத்தான் இருத்தணும். நீங்க இல்லாட்டி எனக்கி அது கல்யாணமே இல்ல” என்றான். நானா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

“கை சரியில்ல தம்பி. வர ஏலா.”

“கை சரியில்லாட்டி என்ன, வாய் நல்லாத்தானே இரிக்கி?”

எப்போதும் இப்படித்தான் கதைப்பான். மற்ற நாளாக இருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “ஏலாண்டா ஏலாதான். விடு” என்று கத்திவிட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஊற்றி வைத்த பிளேன்டீயைத் தொடவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போனான். மோட்டார் சைக்கிளை வாசலில் ஸ்டார்ட் செய்யாமல் ஒழுங்கை முனை வரை தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  எனக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆளும் போகிறான் என்று நெஞ்சு சொன்னது. அப்போதும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அந்தப் பெண்பிள்ளையின் கோல் வந்தது. விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கடும் காற்று. அவள் வழமைபோல் கேள்விகளைத் தொடங்கினாள். நானும் இயந்திரம் மாதிரி ‘கஷ்டமே இல்லை, கஷ்டமே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கேள்வி வந்ததும் அவளே சிரித்தாள்.

“ஐயா கையால சாப்பிடுற ஆள், இதை விடுவம்.”

முதல் நாள் நடந்தது மனசில் கிடந்ததோ என்னவோ, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. “இப்ப கரண்டியாலதான் மகள்.”

அவள் சிரிப்பு நின்றது. பிறகு கேட்டாள், “வலது கைக்கு என்ன ஐயா?”

“வலது கைக்கி ஒண்டுமில்ல.”

“ஒப்பரேசன் செய்தது இடது தோளெல்லோ?”

“ஓம்.”

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. மிச்சக் கேள்விகளைக் கேட்டு முடித்தாள். இந்த முறையும் நல்ல புள்ளி என்றாள், அதனால் கிளினிக்குக்கு அலையத் தேவையில்லை, வருட முடிவில் ஒரு கோல் மட்டும் வரும் என்றாள். சரி மகள் என்று வைக்கப் போனேன்.

“வைக்காதேங்கோ ஐயா. பேப்பரை மூடி வச்சிட்டன். இது ஆஸ்பத்திரி கேக்கிறது இல்ல. எங்கட வீட்டுக் கதை ஒண்டு சொல்லட்டோ?”

சொல்லு என்றேன்.

“எங்கட ஊர் வன்னி ஐயா. கடைசிச் சண்டையில அப்பாட இடது கை போயிட்டு. முகாமால வெளியில வந்தாப் பிறகு அப்பா கரண்டியாலதான் சாப்பிடுவார். சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படிக்குப் பின்னால தனிய இருந்து சாப்பிடுவார். ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அப்பாக்கு எங்களோட கோவம் எண்டு நாங்கள் நினைச்சம். நான் நினைச்சன், காயப்பட்ட என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினதாலதான் கை போனதெண்டு என்னிலதான் கோவமெண்டு.”

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அம்மாக்குத்தான் விளங்கினது. ஒருநாள் சோத்தைக் குழைச்சு அப்பாக்கு முன்னால கொண்டுபோய் வச்சிட்டு, ‘உங்கட கையால எனக்கு ஒரு வாய் தாங்கோ’ எண்டு கேட்டுக்கொண்டு இருந்தவ. அப்பா தரேல்ல. அம்மா எழும்பவும் இல்ல. சோறு ஆறிப்போச்சு.”

“பொறகு?”

“பிறகு தந்தவர்.”

 பிறகு மெல்லக் கேட்டாள். “ஐயாக்கும் அப்பிடித்தானோ?”

கோலை வெட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. விரல் அந்தப் பொத்தானுக்குப் போனதும் உண்மை. ஆனால் வெட்டினால் இனி என்னிடம் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது தெரிந்தது. ஓம் என்றேன். ஓம் என்று சொன்னவுடனேயே அழுகை வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு பிள்ளையிடம், என் பேத்தி வயதுப் பிள்ளையிடம், கக்கூசுக் கதையைச் சொல்லி அழுதேன். அவள் இடையில் ‘ஓம் ஐயா, ஓம் ஐயா’ என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. சஹன் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கிளீனர் வந்து போனதையும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, “கையைப் பின்னால கொண்டு போய்ப் பழகேல்லையோ ஐயா?” என்றாள்.

“பின்னுக்குக் கொண்டு போக வேணா எண்டு பிசியோ சொன்னாரே.”

“அது முதல் மூண்டு மாசத்துக்கெல்லோ! இப்பவும் கொண்டு போகாமலோ இருக்கிறியள்?”

“கொண்டு போ எண்டு ஆரும் சொல்லல்லயே மகள்.”

சிவப்பு விளக்கு எப்போதோ மாறியிருக்கிறது. நான் லொறியை நிறுத்திவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன். என் புள்ளி நன்றாக இருந்ததால் என்னைக் கூப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “முந்தி வாங்கின சூப்பரைத் திருப்பித் தாங்கோ” என்றாள். டொக்டரிடம் சொல்வேன் என்றாள். சொல்லாதே என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் இதெல்லாம் நாளாந்தக் கதை ஐயா, உங்களுக்குத்தான் புதுசு என்றாள்.

மறுநாள் அவளே பிசியோவைப் பிடித்து வந்து கோலில் போட்டாள். அவர் சொன்ன பயிற்சி இதுதான்: ஒரு துவாயை நல்ல தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் தொங்கவிட்டு, கீழ் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலே மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வலிக்கும், பயப்பட வேண்டாம், கழன்று விழாது. கை முழுவதும் பழையபடி வருமென்று சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார். அது வரைக்கும் கக்கூசில் தண்ணீர் பீச்சுகிற குழாய் ஒன்றைப் பூட்டச் சொன்னார். கொழும்பில் அதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்கும் வாங்கலாம் என்று மூளைக்குப் படவேயில்லை. வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டால் மனிசனுக்குப் புத்தி அந்தளவுதான்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் கை எங்கே சரிவரப் போகிறது? போவதா விடுவதா என்று குழம்பினேன். போய் ஒன்றும் தெரியாதவன் மாதிரிச் சஹனில் கை வைக்கவும் மனம் வரவில்லை. கடைசியில், முதலில் அவனிடம் சொல்லிவிடுவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு பாலாவி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கல்யாண வீட்டில் பந்தல் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிளீனர் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் முகத்தில் சந்தோசம் வந்தது, உடனே அதை இழுத்து மூடினான். “வாங்க நானா” என்றான், வேறு யாரையோ சொல்கிற மாதிரி. நான் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம், சமையல் கிடாரங்களுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனேன். புகைக்குள் நின்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

எனக்காகப் பரிதாபப்படுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் கத்தத் தொடங்கினான்.

“இதுக்கா? இதுக்கா நானா? அண்டைக்கி வந்ததில இரிந்து எனக்கி சோறு எறங்கல்ல. நான் என்ன குத்தம் செஞ்சன் எண்டு பொஞ்சாதிக்கிட்ட கேட்டுக் கேட்டு அவளுக்கும் பைத்தியம் புடிச்சிட்டு!”

சமையல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாக, மெதுவாக என்று நான் கையைக் காட்டினேன். அவன் கேட்கவில்லை.

“பதுளைக்கிப் போற வழியில எனக்கி வயித்தால போயி எழும்ப ஏலாமக் கெடந்தனே, ஞாபகம் இல்லயா? றோட்டோரப் பீலித் தண்ணில வச்சி என்னக் கழுவி விட்டது ஆரு? அதே கையால பாணைப் பிச்சி, தேத்தண்ணில நனச்சி ஊட்டி விட்டீங்களே. நான் தின்னல்லயா? அருவருப்பெண்டு துப்பினனா?”

சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் ஒரு மழை, ஒரு மலைப்பாதை, ஒரு பையன் நடுங்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஓட்டத்தில் அப்படி எத்தனையோ நடக்கும். நான் மறந்தே போனதை அவன் இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறான். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, சோறு ஆறுது” என்று என்னை இழுத்துக்கொண்டு போனான்.

முதல் சஹனில் என்னை இருத்திவிட்டு, பெண்ணின் வாப்பா உட்காரக் கூடாத நேரத்தில் அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்தான். கை கழுவத் தண்ணீர் வந்தது. சவர்க்காரம் வந்தது. ஆறு பேரும் பிஸ்மி சொன்னோம். நான் கையை நெய்ச்சோற்றில் வைத்தேன். எதிரில் இருந்தவர் கத்தரிக்காய் மோஜுவை என் பக்கம் ஒதுக்கினார். இன்னொருவர் வட்டிலப்பம் எப்போது வரும் என்று கேட்டார். கிளீனர் ஒரு இறைச்சித் துண்டைப் பிய்த்து, வழக்கம்போல் பெரிய பங்கை என் முன்னால் போட்டான். ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை. இத்தனை மாதம் நான் பயந்து ஒளிந்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டே அந்தத் துண்டைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தேன். 

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எடுத்தேன். அது ஆஸ்பத்திரியின் பொது இலக்கம். வேறு யாரோ சிங்களத்தில் கதைத்தார்கள். அவள் பெயரை நான் கேட்டிருக்கவில்லை. தமிழ் கதைக்கிற பிள்ளை என்றேன், விளங்கவில்லை. வருட முடிவுக் கோல் வரட்டும் என்று காத்திருந்தேன். பயிற்சியையும் விடவில்லை. கை முதுகுத்தண்டின் அடிவரை எட்டியது. அதுவே போதும். முக்கால்வாசி வேலையை இடது கை திரும்ப எடுத்துக்கொண்டது.

வருட முடிவில் கோல் வந்தது. குரல் வேறு. முதல் இருந்த பிள்ளையின் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டாளாம், எங்கே என்று தெரியாதாம். நான் எவ்வளவு சொல்லி வைத்திருந்தேன் அவளிடம் சொல்ல! புதுப் பிள்ளை அவசரத்தில் கேட்டுக்கொண்டு போனாள். முடிந்ததும், “மகள், இன்னொரு கேள்வி இரிக்கி. மத்த ஆக்கள்ட்ட கேளுங்க” என்று விஷயத்தைச் சொன்னேன். அவள் திகைத்துப் போனாள்.

“அய்யோ, அதை எப்படி ஐயா கேக்கிறது?”

 “மொதல்ல ஒங்கட வீட்டுக் கதை ஒண்டச் சொல்லுங்க. பொறகு கேளுங்க” என்றேன். அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, சரி ஐயா என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அது விளங்கவே அவ்வளவு நாள் எடுத்தது. அந்த வன்னிப் பிள்ளை என்னிடம் எடுத்தவுடன் கேட்டிருந்தால் நான் செத்தாலும் ஓம் என்று சொல்லியிருக்க மாட்டேன். தன் வாப்பாவின் இல்லாத கையை, தன் மனசில் கிடந்த பயத்தை, முன்பின் தெரியாத ஒரு கிழவனிடம் முதலில் அவள் சொன்னாள். இன்றும் நான் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன், வெள்ளிக்கிழமைக் கோலுக்குத்தான் காத்திருக்கிறேன். ஆனாலும் எங்கேயோ ஒரு வீட்டில் வாசல் கதவைச் சாத்திவிட்டு ஒருவர் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அவருக்கு முதலில் என் கதையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதினேன்.